பச்சை காட்டும் பேஸ்ட்டால் பல் சுத்தமாகுமா?

விடுதியில் ஒரே அறையில் நாலு பேர், எல்லோருக்கும் 20, 21 வயது. தேய்க்கும்போது பல்லில் அழுக்கு இருக்கும் இடத்தைப் பச்சையாகக் காட்டும் பேஸ்ட்டைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். சாதாரண பேஸ்ட்டைவிட விலை பல மடங்கு என்கிறீர்கள். வாங்கினால் பல் நிஜமாகவே சுத்தமாகுமா, அதை நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், நாலு பேரில் ஒருவருக்குத் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றும் ஒரு வரி இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்கு அதுதான் முக்கியமான வரி.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பேஸ்ட் அழுக்கை எடுக்கிறதா என்பது ஒன்று. அது காட்டும் நிறத்தைப் பார்த்து நம் கை சரியான இடத்துக்குப் போகிறதா என்பது இன்னொன்று. சாயம் எதையும் சுத்தம் செய்வதில்லை, காட்டிக்கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆகவே நீங்கள் சோதிக்க வேண்டியது பேஸ்ட்டை அல்ல, அதைப் பார்த்த பிறகு உங்கள் கைப்பழக்கம் மாறியதா என்பதை. இதைப் பிடித்துக்கொண்டால் சோதனையை எப்படி அமைப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

பிளாக் என்று பல் டாக்டர்கள் சொல்வது சாப்பாட்டுத் துணுக்கை இல்லை. கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு போர்வையை உண்டாக்கிக்கொண்டு வாழும் படலம் அது. கொப்பளித்தால் போகாது, உரசினால்தான் போகும். கிட்டத்தட்ட பல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. நாக்கால் தடவும்போது வழுவழுப்பு விட்டுப்போய் வெல்வெட் துணி மாதிரி தட்டுப்படுகிற இடத்தில் அது இருக்கிறது.

இந்தப் படலத்தால்தான் ஈறு வீங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் அவரோடு இருந்தவர்களும், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் சரியானது. 1973-இல் பல் மருத்துவ மாணவர்களை வைத்து அதே வழியில் நடந்த இன்னொரு ஆய்வில், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுசாகச் சுத்தம் செய்தவர்களுக்கு ஈறு கெடவில்லை. 72, 96 மணி நேரம் விட்டவர்களுக்குக் கெட்டது.

இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல் சொத்தைக்கு எதிராக ஃப்ளோரைடு தினமும் இரண்டு வேளை பல்லில் பட வேண்டும். ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. தினமும் இரண்டு வேளை தேய்ப்பவருக்கும் ஈறு ஏன் கெடுகிறது? சாதாரண பிரஷ்ஷால் ஒருமுறை தேய்த்தால் இருக்கும் படலத்தில் சராசரியாக 42 சதவீதம்தான் போகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் கணக்கிட்டார்கள். மீதி நிற்பது வாய் முழுக்கச் சமமாகப் பரவி நிற்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் ஆரம்பித்து, ஒரே வரிசையில் போய், ஒரே இடத்தில் அவசரப்பட்டு முடிக்கிறோம். அதனால் இன்று விட்டுப்போன இடம்தான் நாளையும் விட்டுப்போகும். அந்த ஓரிடத்தைப் பொறுத்தவரை நீங்கள் மாதக்கணக்கில் பல்லே தேய்க்கவில்லை. சாயத்தின் பயன் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது: உங்களுடைய அந்த ஓரிடம் எது என்று அது காட்டுகிறது.

சாயம் போட்டுப் பார்ப்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1914-இலேயே ஸ்கின்னர் என்ற பல் மருத்துவர் அயோடின் கரைசலால் இதைச் செய்தார். 1960-களில் எரித்ரோசின் என்ற சிவப்புச் சாய மாத்திரை வந்தது. பிறகு இரண்டு நிறச் சாயங்கள் வந்தன, புதுப் படலம் இளஞ்சிவப்பாகவும் நாள்பட்டது நீலமாகவும் தெரியும். இப்போது, அமிலம் சுரக்கும் படலத்தை வெளிர்நீலத்தில் தனியாகக் காட்டும் மூன்று நிற ஜெல்லும் இருக்கிறது. படலத்தின் பசைப்போர்வை சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சுத்தமான எனாமலில் சாயம் தங்காது. அவ்வளவுதான் இதன் சூட்சுமம். மாத்திரை என்றால், பல் தேய்ப்பதற்கு முன்னாலோ பின்னாலோ தனியாகப் போட வேண்டும். பேஸ்ட்டிலேயே சாயம் இருந்தால், தேய்க்கத் தேய்க்க நிறம் போவதைப் பார்த்துக்கொண்டே தேய்க்கலாம். வித்தியாசம் அந்த வசதியில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் பச்சை நிறப் பேஸ்ட், அமெரிக்காவில் பிளாக் எச்டி (Plaque HD) என்ற பெயரில் விற்கும் வகையாகத்தான் இருக்க வேண்டும். அதை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 19 முதல் 44 வயது வரையுள்ள 61 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 31 பேருக்கு நிறம் காட்டும் பேஸ்ட், 30 பேருக்கு நிறம் காட்டாத பேஸ்ட். இரண்டிலும் ஃப்ளோரைடு உண்டு. தேய்க்கும் முறையும் இரண்டு குழுவுக்கும் ஒன்றே. ஆளுக்கு 60 நாளுக்கான பேஸ்ட் கொடுத்தார்கள். முடிவில் படலத்தின் அளவு நிறம் காட்டும் பேஸ்ட் குழுவில் சராசரியாக 49 சதவீதமும், மற்றக் குழுவில் 24 சதவீதமும் குறைந்திருந்தது.

எல்லோரும் 49-ஐத்தான் எடுத்துப் பேசுவார்கள். நான் உங்களை 24-இல் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். நிறமே இல்லாத பேஸ்ட்டால் எப்படி கால்வாசி குறைந்தது? ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள், தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் ஒழுங்காகத் தேய்த்தார்கள். அதாவது கிடைத்த பலனில் ஏறக்குறைய பாதி, காசு கொடுத்து எதையும் வாங்காமலே கிடைக்கக்கூடியது. நிறத்தால் கூடுதலாக வந்தது மீதிப் பாதி. அதுவும் சின்ன விஷயம் இல்லை, 60 நாளுக்குள் வந்தது என்பதால் நான் அதை மதிக்கிறேன். ஆனால் பேஸ்ட்டை நிறுத்தியபின் அந்தப் பழக்கம் நிற்குமா என்பதற்கு இந்த எண்களில் பதில் இல்லை. உங்கள் சோதனையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே ஆய்வில் ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சிக் குறியீட்டையும் அளந்தார்கள். 38 பேரின் கணக்கில், நிறம் காட்டும் பேஸ்ட் குழுவில் 29 சதவீதம் குறைந்தது, மற்றக் குழுவில் 25 சதவீதம் கூடியது. இதை வைத்து ‘இந்தப் பேஸ்ட் இதயத்தைக் காக்கும்’ என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். சிஆர்பி ஒரு சளி, ஒரு காய்ச்சல், சின்னக் காயம் எதற்கும் ஏறி இறங்கும். 38 பேரில் நாலைந்து பேருக்கு ஜலதோஷம் வந்தாலே சராசரி மாறிவிடும். மேலும் ஆராய வேண்டிய குறிப்பு என்ற அளவில் அது சரி, பல் தேய்த்து மாரடைப்பைத் தடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உங்கள் சோதனை. நாலு பேரை வைத்து உலகத்துக்குப் பொதுவான முடிவு எதுவும் சொல்ல முடியாது. உதாரணமாக, படலத்துக்கான மதிப்பெண்கள் (எப்படிப் போடுவது என்று கீழே சொல்கிறேன்) ஆளுக்கு ஆள் 0.5 அளவுக்கு விலகும் என்று வைத்து, இரண்டு குழுக்களுக்கு நடுவில் 0.3 வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானால் குழுவுக்கு 44 பேர் தேவைப்படும். ஆனால் ‘எனக்கு இது உதவியதா’ என்பதற்கு ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பிட்டுப் பதில் காணலாம். பாதி மாதம் இந்தப் பேஸ்ட், பாதி மாதம் அந்தப் பேஸ்ட் என்று மாற்றி மாற்றிப் போடாதீர்கள். நிறத்தைப் பார்த்துக் கை கற்றுக்கொண்டதை, பேஸ்ட்டை மாற்றியதும் கை மறந்துவிடாது. கணக்கு குழம்பிவிடும்.

நாலு கட்டமாக வையுங்கள். முதல் ஒரு வாரம் இப்போது எப்படித் தேய்க்கிறீர்களோ அப்படியே. அடுத்த இரண்டு வாரம் அதே பழைய பேஸ்ட், ஆனால் கீழே சொல்லும் முறையில், கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம். அதன்பின் நாலு வாரம் அதே முறை, அதே பிரஷ் வகை, பேஸ்ட் மட்டும் நிறம் காட்டுவது. கடைசி இரண்டு வாரம் பழைய பேஸ்ட்டுக்குத் திரும்புங்கள். மொத்தம் ஒன்பது வாரம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் முறையால் வந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ளது பெரும்பாலும் நிறத்தால் வந்தது (பழகப் பழகக் கை கொஞ்சம் தேறும், அதையும் மனதில் வையுங்கள்). நாலாவது கட்டத்தில் மதிப்பெண் ஏறாமல் இருந்தால் கற்றது நிலைத்துவிட்டது, அடுத்த டியூப் வாங்கத் தேவையில்லை. பழையபடி ஏறினால், நிறம் கண்ணெதிரில் இருந்தவரைதான் கை வேலை செய்திருக்கிறது.

அளப்பதற்குத் தனியாகச் சிவப்புச் சாய மாத்திரையோ, பல் மருத்துவக் கல்லூரிகளில் பயன்படுத்தும் சாயக் கரைசலோ வேண்டும். பச்சைப் பேஸ்ட்டை வைத்தே அளக்கக் கூடாது. நுரை போன இடமெல்லாம் சாயம் ஒரே மாதிரி பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. மாத்திரை கிடைக்கவில்லையே, கடையில் விற்கும் கலர் பொடியைக் கரைத்துப் பார்க்கலாமா என்று தோன்றும். வேண்டாம். உதிரியாக விற்கும் சிவப்புப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்கே தடை வந்ததை மறந்துவிட வேண்டாம். எரித்ரோசினை அமெரிக்காவில் உணவுகளிலும் விழுங்கும் மருந்துகளிலும் இருந்து எடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. பல்லுக்குப் போடும் சாயத்தை நாம் விழுங்குவதில்லை. அளவோடு போட்டுத் துப்பினால் பயப்பட ஒன்றும் இல்லை. சாயங்களால் முன்பு எப்போதாவது அலர்ஜி வந்தவர் மட்டும் இதில் சேர வேண்டாம்.

எண்ணும் நாளை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இன்று பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் காலையில் பத்து நிமிடம் தேய்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் இரண்டு நாளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, மாலை ஆறு மணிக்குச் சொல்லுங்கள். காலை தேய்த்து 10, 11 மணி நேரம் ஆகியிருக்கும். பச்சைச் சாயமும் போயிருக்கும். அதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் போதும்.

உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். வாயைத் தண்ணீரில் ஒருமுறை கொப்பளித்துவிட்டு, மாத்திரையை மென்று, அரை நிமிடம் வாய் முழுக்க உருட்டித் துப்பிவிட்டு, ஒரே ஒரு வாய்த் தண்ணீரில் கொப்பளியுங்கள். வாஷ்பேசினை உடனே கழுவாவிட்டால் கறை நிற்கும். நாக்கிலும் உதட்டிலும் நிறம் சில மணி நேரம் இருக்கும், மறுநாள் வைவா இருக்கிற மாலையில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அறை நண்பர் ஸ்பூன் காம்பால் கன்னத்தை விலக்கிப் பிடித்து, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் படம் எடுக்கட்டும். உள்பக்கத்துக்குப் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் சின்ன வட்டக் கண்ணாடி வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதை நனைத்து எடுத்தால் மூச்சுப் பட்டு மங்காது.

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. சாயம் போட்ட தன் வாயைச் சம்பந்தப்பட்டவர் பார்க்கக் கூடாது. கண்ணாடி இல்லாத இடத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, அங்கேயே தேய்த்துக் கழுவிவிட வேண்டும். முதல் வாரமே சிவப்பைப் பார்த்துவிட்டால், பச்சைப் பேஸ்ட் வருவதற்கு முன்பே பாடம் முடிந்துவிடும். மேலே சொன்ன பச்சைப் பேஸ்ட் ஆய்வில் சிவப்புச் சாயத்துக்குப் பதிலாக ஃப்ளோரசின் என்ற ஒளிரும் சாயக் கொப்பளிப்பைக் கொடுத்து, புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். சாதாரண வெளிச்சத்தில் அது அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது.

எண்ணுவதற்கு எல்லாப் பல்லும் தேவையில்லை. மேல் வலதில் நடுக்கோட்டிலிருந்து 6-ஆவது பல், மேல் இடதில் 1-ஆவதும் 4-ஆவதும், கீழ் இடதில் 6-ஆவது, கீழ் வலதில் 1-ஆவதும் 4-ஆவதும். ரேம்ஃபியர்ட் என்ற ஈறு நோய் நிபுணர் தேர்ந்தெடுத்த இந்த ஆறு பல்லும் வாய் முழுவதுக்கும் மாதிரியாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. கிளிப் போடுவதற்காக 4-ஆவதைப் பிடுங்கியிருந்தால் 5-ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்லிலும் வெளிப்பக்கம், உள்பக்கம் என்று மொத்தம் 12 பரப்பு. நிறமே இல்லையென்றால் 0. ஈறு ஓரத்தில் அங்கங்கே புள்ளி இருந்தால் 1. ஈறோரமாக 1 மில்லிமீட்டர் வரை தொடர்ந்த மெல்லிய கோடு இருந்தால் 2. அதைவிட அகலம், ஆனால் பல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை என்றால் 3. மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் 4. அதற்கு மேல் 5. எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் அன்றைய மதிப்பெண். 2.5 என்பது 1.9-க்கு இறங்கினால் 24 சதவீதக் குறைவு, 1.3-க்கு இறங்கினால் ஏறத்தாழ பாதி. கண்ணால் பார்க்க இரண்டும் ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்றுதான் தோன்றும், அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

படங்களைப் பெயரும் தேதியும் இல்லாமல் கலைத்துப் போட்டு ஒருவர் மதிப்பெண் போடட்டும். மூன்று நாள் கழித்து அவரே அதே படங்களுக்குத் திரும்பப் போடட்டும். அவருடைய இரண்டு கணக்குக்கும் நடுவில் 0.3 வித்தியாசம் வந்தால், பேஸ்ட்டால் வந்ததாகத் தெரியும் 0.3 குறைவுக்கு அர்த்தமே கிடையாது. இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

படத்தில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். முன்பல்லின் வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும், சிரித்தால் தெரிகிற இடத்தை யாரும் விடுவதில்லை. கீழ்க் கடைவாய்ப்பல்லின் நாக்குப் பக்கம் வந்தால், ஈறை ஒட்டி ஒரு சிவப்புப் பிறை, இரண்டு பல் சேரும் மூலையில் அது தடித்து முக்கோணமாகி நிற்கும். இரண்டு நிறச் சாயமாக இருந்தால் அந்த முக்கோணத்தின் அடி நீலமாகத் தெரியும்: அது இன்று காலை விட்டுப்போனது இல்லை, நாள்கணக்காக அங்கேயே இருப்பது. உங்கள் வயதில் ஞானப்பல் பாதி முளைத்து மேலே ஈறு மூடியிருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் பல்லின் பின்பக்கம் அடர்த்தியாக நிறம் பிடிக்கும். அந்த இடம் கணக்கில் வராவிட்டாலும் தனியாகக் குறித்து வையுங்கள்.

நிறம் பிடித்ததெல்லாம் படலம் என்று நினைத்துவிடவும் கூடாது. சொத்தை தொடங்கிச் சொரசொரப்பான வெள்ளைத் திட்டு, அடைத்த பல்லின் விளிம்பு, கெட்டிப்பட்ட காரை எல்லாமே சாயத்தைப் பிடிக்கும். பேஸ்ட் இல்லாத ஈரப் பிரஷ்ஷால் அந்த இடத்தை மெதுவாகப் பத்து விநாடி தேய்த்துப் பாருங்கள். போனால் படலம். இரண்டு முறை தேய்த்தும் போகாவிட்டால் விட்டுவிடுங்கள், அது உங்கள் பிரஷ்ஷின் வேலை இல்லை. நிறம் காட்டும் பேஸ்ட்டில் நான் பார்க்கும் ஒரே உண்மையான ஆபத்து இதுதான். பச்சை போகவேண்டும் என்ற வேகத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்து, ஈறை இறக்கி, கோரைப்பல் பக்கத்தில் வேரை அரித்துவிடுவார்கள். ஊசி, பின், பிளேடு எதையும் வாய்க்குள் கொண்டுபோக வேண்டாம்.

முறை என்று நான் சொன்னது இதை. மெல்லிய நார் பிரஷ்ஷை, பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி 45 பாகை சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பல்லைச் சேர்த்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவாகப் பத்துத் தடவை. பிறகு நகர வேண்டும். நாலு ஞானப்பல்லையும் விட்டால் 28 பல், உள்ளும் வெளியும் 56 பரப்பு, இரண்டு நிமிடத்தில் ஒரு பரப்புக்கு இரண்டு விநாடிதான் கிடைக்கிறது. இதில் முன்பல்லுக்கே ஒரு நிமிடம் செலவழித்தால் மீதிக்கு என்ன மிஞ்சும்? அதனால் கீழ்ப் பல்லின் உள்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், பேஸ்ட்டின் நுரையும் உங்கள் பொறுமையும் அப்போதுதான் அதிகம். நிறம் காட்டும் பேஸ்ட் என்றால், முதலில் எல்லாப் பல்லிலும் லேசாகத் தடவி அரை நிமிடம் விட்டு, நுரையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நுரை இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூப்பில் வேறு வழிமுறை போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். வாங்குமுன் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் பேஸ்ட்டுக்கு உச்சவரம்பு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). அதை ஒட்டி இருந்தால் நல்லது. ஃப்ளோரைடே இல்லாத பேஸ்ட் எவ்வளவு அழகாக நிறம் காட்டினாலும் தினசரிப் பயன்பாட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பல்லும் பல்லும் உரசிக்கொள்ளும் இடத்தையும் ஈறுக்கு அடியிலும் எந்தச் சாயமும் காட்டாது, பிரஷ்ஷும் அங்கே போகாது. உங்கள் வயதில் இடைவெளி இறுக்கமாக இருக்கும், அதற்குப் பல் நூல்தான். இரவில் ஒரு வேளை போதும்.

என் கருத்தைக் கேட்டால், நாலு பேரும் ஆளுக்கொரு டியூப் வாங்குவதற்கு முன் மாத்திரையில் தொடங்குங்கள். சோதனை, கட்டம் எதுவும் வேண்டாம் என்றால், வாரம் ஒருநாள் இரவு தேய்த்து முடித்தபின் மாத்திரை போட்டு, கண்ணாடியில் மிச்சத்தைப் பார்த்து, அந்த இடத்தை மறுநாளிலிருந்து முதலில் தேய்த்தாலே பாடம் கிடைத்துவிடும். செலவும் குறைவு. தினமும் கண்ணெதிரில் தெரிந்தால்தான் கை போகும் என்ற சுபாவம் உள்ளவருக்குப் பேஸ்ட் ஒத்துவரும். அப்படி ஒருவர் உங்கள் நாலு பேரில் இருக்கலாம், அதை ஒன்பது வாரக் கணக்கு சொல்லிவிடும்.

இனி ரத்தம் வரும் நண்பர். அவரைச் சோதனையில் சேர்ப்பதற்கு முன் ஒரு பல் டாக்டரிடம் அனுப்புங்கள். கீழ் முன்பல்லின் பின்பக்கம் மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்தால் அது காரை. எந்தப் பேஸ்ட்டும் அதை எடுக்காது, கிளீனிங் செய்தால்தான் போகும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. நல்ல பல்லை அது ஆட்டாது, பல்லைச் சுற்றிப் படிந்த காரையைத்தான் எடுக்கிறது. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, மெதுவாக, ஆனால் தினமும் தேய்க்க வேண்டிய இடமே அதுதான். சரியாகத் தேய்த்தால் இரண்டு வாரத்தில் ரத்தம் நன்றாகக் குறைய வேண்டும். தினமும் எந்த இடத்தில் ரத்தம் வந்தது என்று ஒரு தாளில் குறித்துவரச் சொல்லுங்கள், மதிப்பெண்ணைவிட அந்தத் தாளை நான் அதிகம் நம்புவேன். உங்களில் யாராவது சிகரெட் பிடிப்பவராக இருந்தால், அவருக்கு ரத்தம் வரவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், புகை ஈறின் ரத்தக்கசிவை மறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் குறையாவிட்டால் திரும்ப டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தக்கசிவோடு காய்ச்சலோ, உடம்பில் காரணமில்லாத சிவப்புப் புள்ளிகளோ, கன்றிப்போன நீலத் திட்டுகளோ இருந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே பொது மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.